ஆயாவும் வெள்ளக்காரனும்

மூணு செகண்டு ஆடியோவுக்காக நாலு மாசம் மெனக்கெட்ட கதை இது. ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டிருந்துச்சு. எழுதலாமா வேணாமான்னு ஒரே யோசனை. சரி, நம்ம மக்கள்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லப் போறோம்னு இன்னிக்கு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ, காபி எதாவது எடுத்துட்டு வந்துடுங்க.

இந்தப் பக்கம் புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். எனக்குக் கண்ணு தெரியாது. பொறந்ததுல இருந்து அப்படி இல்ல. இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கும்போது, சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல பஸ் நம்பர் தெரியாம ஆரம்பிச்சுது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசான்னு டாக்டர் சொன்னார். முதல்ல ராத்திரிப் பார்வை போகும், அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கிட்டே வரும், கடைசியில ஒரு குழாய் வழியா பாக்குற மாதிரி ஆகும். எனக்கு இப்ப அந்தக் குழாயும் அடைச்சாச்சு. ஜன்னல் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியும், அவ்வளவுதான். ஓஎம்ஆர் பக்கம் ஒரு கம்பெனியில பொட்டி தட்டுறேன். குடியிருப்பு சாந்தோம், ஹை ரோட்டுல இருந்து கடல் பக்கமா இறங்குற சந்துகள்ல ஒண்ணு.

"கண்ணு தெரியாம எப்படிப்பா கம்ப்யூட்டர்?" இந்தக் கேள்விக்கு பதில் சொல்லிச் சொல்லியே பாதி வாழ்க்கை ஓடிடுச்சு. ஸ்கிரீன் ரீடர்னு ஒரு மென்பொருள் இருக்குங்க. திரையில கர்சர் எங்க போகுதோ, அங்க இருக்குறத வாய்விட்டுப் படிக்கும். மவுஸ் கிடையாது, எல்லாமே கீபோர்டுதான். இதுல ஜாஸ்னு ஒண்ணு 1989-ல, டாஸ் காலத்துலயே வந்தது. நல்ல மென்பொருள், ஆனா விலை கேட்டா தலை சுத்தும். நான் வெச்சிருக்குறது என்விடிஏ. 2006-ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கர்ரன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. அவருக்கும் பார்வை கிடையாது. அடுத்து சேர்ந்துக்கிட்ட ஜேம்ஸ் தே-வுக்கும் கிடையாது. இலவசம், யார் வேணும்னாலும் நிரலை எடுத்துத் திருத்திக்கலாம். என் சோறு அவங்க புண்ணியத்துலதான் ஓடுது.

இதுக்குக் குரல் குடுக்க பல மென்பொருள்கள் உண்டு. விண்டோஸ்ல தமிழுக்கு "வள்ளுவர்"னு பேர் வெச்ச குரலே இருக்கு. நம்ம ஐஐடி சென்னையில பேராசிரியர் ஹேமா மூர்த்தி தலைமையில, வேற பல கல்லூரிகளும் சேர்ந்து, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குக் குரல் செஞ்சு ஸ்கிரீன் ரீடர்களோட இணைச்சிருக்காங்க. தமிழ் படிக்க அதெல்லாம் சரி. ஆனா நான் எழுதுற கோட்ல வர்ற அடைப்புக்குறியையும் அரைப்புள்ளியையும் வள்ளுவர் வாயால கேக்க மனசு வரல :-) அதனால வேலைக்கு ஈஸ்பீக்தான். மனுஷக் குரல வெட்டி ஒட்டினது இல்ல அது, கணக்குப் போட்டு உண்டாக்குன குரல். டப்பாவுக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும். ஆனா எவ்வளவு வேகமா ஓட்டினாலும் எழுத்து தெளிவாக் கேக்கும். புதுசாக் கேக்குறவங்களுக்கு அது எந்த மொழின்னே தெரியாது.

எங்க ஆயாவுக்குத் தெரிஞ்சுது. முதல் நாள் கேட்டுட்டு, "யார்ரா அவன் வெள்ளக்காரன், உன்னாண்ட இம்மாம் வேகமா பேசிக்கினு கீறான்?"னு கேட்டாங்க. அன்னில இருந்து எங்க வீட்ல அது வெள்ளக்காரன்தான். "வெள்ளக்காரன தூங்க சொல்லிட்டு வந்து துன்னுடா"ன்னா, லேப்டாப்பை மூடிட்டு சாப்பிட வான்னு அர்த்தம்.

ஆயான்னா அம்மாவோட அம்மா. நாப்பது வருஷத்துக்கு மேல நொச்சிக்குப்பம் பக்கம் மீன் வித்தவங்க. அவங்க கதை சொன்னா சாப்பாடு மறந்துடும். கண்ணு போனதுக்கு அப்புறம் வீட்ல இருக்குற போட்டோ ஆல்பம் எல்லாம் எனக்கு வழவழன்னு இருக்குற பிளாஸ்டிக் அட்டை, அவ்வளவுதான். குரல்தான் எனக்கு ஆல்பம். அதனால ஆயா பேசுறத எல்லாம் பதிவு பண்ணி வெச்சுக்கணும்னு ஆசை வந்துச்சு. ஒரு யுஎஸ்பி மைக் வாங்கினேன், ஆடாசிட்டிய இறக்கினேன்.

ஆடாசிட்டி உங்க பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1999-ல அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல டொமினிக் மஜோனி, ராஜர் டேனன்பர்க்னு ரெண்டு பேர் ஆரம்பிச்சு, 2000-ல வெளிய விட்டது. ஒலிப்பதிவு பண்ணலாம், வெட்டலாம், ஒட்டலாம், இரைச்சல் குறைக்கலாம். காசு கிடையாது. பார்வை இருக்குறவங்க அதைத் திறந்தா, பேசின பேச்சு மலையும் பள்ளமுமா ஒரு படமாத் தெரியும். எங்க சத்தம், எங்க அமைதின்னு ஒரே பார்வையில புரியும். மவுஸால இழுத்து, வேண்டாததை வெட்டிப் போட்டுடுவாங்க.

எனக்கு அந்த மலையும் கிடையாது, பள்ளமும் கிடையாது. டிராக் மேல நின்னா டிராக்கோட பேரச் சொல்லும், அவ்வளவுதான். ஆனா பாருங்க, இந்த மென்பொருள்ல கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் கீபோர்டு வழி இருக்கு. ஆர் அழுத்தினா பதிவு ஆரம்பம். ஸ்பேஸ் அழுத்தினா நிக்கும். ஓடிக்கிட்டிருக்கும்போது எக்ஸ் அழுத்தினா, நின்ன இடத்துலயே கர்சர் உக்காந்துக்கும். ஓட ஓட இடது சதுர அடைப்புக்குறி அழுத்தினா வெட்ட வேண்டிய இடத்தோட ஆரம்பம், வலது அழுத்தினா முடிவு. அப்புறம் சி அழுத்தினா, வெட்டினா எப்படி இருக்கும்னு வெட்டாமலே போட்டுக் காட்டும். டெய்லர் துணிய வெட்டுறதுக்கு முன்னாடி சாக்பீஸ்ல கோடு போடுற மாதிரி.

பார்வை இருக்குறவங்க மீட்டர்ல பச்சை, சிவப்பு பாத்து சத்த அளவு வைப்பாங்க. எங்களுக்கு வேற வழி. பத்து செகண்டு பேசிப் பதிவு பண்ணிட்டு, ஆம்ப்ளிஃபைங்கிற எஃபெக்டைத் திறக்கணும். சத்தத்தை உச்சம் வரைக்கும் ஏத்த இன்னும் எத்தனை டெசிபல் மிச்சம் இருக்குன்னு அதுல ஒரு எண் தயாரா நிக்கும். வெள்ளக்காரன் "6"னு படிச்சா, உச்சத்துக்கு ஆறு டெசிபல் கீழ இருக்கோம், நல்ல அளவு. "0"ன்னு படிச்சா தலையில இடிக்குது, மைக்கைக் குறைக்கணும். எண்ணைப் பாத்துக்கிட்டு கேன்சல் அடிச்சுட்டு வெளிய வந்துடுவேன். அந்த எஃபெக்டைச் செஞ்சவங்க இதுக்காகச் செஞ்சிருக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல சைக்கிள் டியூப வெச்சு தண்ணிக் குழாய் ஒழுகலை அடைக்கிற மாதிரிதான்.

இதெல்லாம் பழகிடலாம். பழகவே முடியாத சிக்கல் ஒண்ணு இருக்கு. படம் பாத்து வேலை செய்யறவங்களுக்குத் திரை கண்ணுக்கு, ஆடியோ காதுக்கு. எனக்குத் திரையும் காதுலதான், ஆடியோவும் காதுலதான். ஆயா பேசுறதக் கேக்கவும் அதே காது, பதிவு ஓடுதான்னு வெள்ளக்காரன் சொல்றதக் கேக்கவும் அதே காது. ஒரே தண்ணி லாரிக்கு ரெண்டு தெருக்காரங்க குடத்தைத் தூக்கிட்டு வந்தா எப்படி இருக்கும்? அப்படி. அதுவும் இயர்போன் போடாம ஸ்பீக்கர்ல வெச்சா, வெள்ளக்காரன் பேசுறதும் மைக்குக்குள்ள போயிடும். அதனால பதிவுன்னா இயர்போன் கட்டாயம். இது பாலபாடம். அந்த பாலபாடத்துலதான் நான் கோட்டை விட்டேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மூணாம் தேதி ராத்திரியில இருந்து நாலாம் தேதி வரைக்கும் கொட்டித் தீர்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. எங்க தெருவுல கரண்டு போயிடுச்சு. அஞ்சாம் தேதி மழை விட்டுடுச்சு, கரண்டு மட்டும் வரல. சாந்தோம் ஹை ரோட்டுல பஸ் சத்தம் இல்ல. ஃபேன் ஓடல, ஃபிரிட்ஜ் ஓடல, பக்கத்து வீட்டு டிவி ஓடல. கடல் மட்டும் கேட்டுச்சு. என் வாழ்க்கையில எங்க தெரு அவ்வளவு அமைதியா இருந்து நான் கேட்டதே இல்ல. ஒலிப்பதிவுக்கு இதைவிட நல்ல நேரம் வராதுன்னு தோணுச்சு. லேப்டாப்ல பாதி பேட்டரி இருந்துச்சு. ப்ளூடூத் இயர்போன ஒரு காதுல மாட்டிக்கிட்டு, மைக்கை ஆயா பக்கத்துல வெச்சுட்டு ஆர் அழுத்தினேன்.

முதல் அரைமணி நேரம் பழைய கதைகள். வஞ்சிரம் விலை, சங்கரா விலை, கடன் சொல்லிட்டு ஓடிப்போன ஒரு போலீஸ்காரர், சர்ச் மணிய வெச்சு கூடை தூக்குன காலம். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. கடல் சத்தம்தான். "அன்னிக்கும் இப்டிதான் கத்திக்கினு கெடந்துச்சு"ன்னாங்க.

அன்னிக்குன்னா 2004 டிசம்பர் 26. ஞாயித்துக்கிழமை காலைல, சுனாமி. பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம், நொச்சிக்குப்பம்னு எங்க கரை முழுக்க அடிச்சுக்கிட்டு போச்சு. அப்ப நாங்க பெரம்பூர்ல இருந்தோம், நான் சின்னப் பையன். ஆயா அன்னிக்கு ஓடித் தப்பிச்சாங்க, கூடையும் அருவாமனையும் போச்சு, இவ்வளவுதான் எங்க வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. பத்தொம்பது வருஷமா அவங்க சொன்னதும் அவ்வளவுதான்.

அன்னிக்கு மீதியையும் சொன்னாங்க. பக்கத்துல கடை போட்ட பொம்பளையோட பொண்ணு, ஏழெட்டு வயசு இருக்கும், ஆயா பக்கத்துல உக்காந்துட்டிருந்துச்சாம். அம்மாக்காரி டீ வாங்கப் போயிருந்தாங்களாம். தண்ணி வர்றதப் பாத்துட்டு, ஆயா அந்தக் குழந்தையோட கைய புடிச்சிக்கிட்டு ரோட்டுப் பக்கம் ஓடியிருக்காங்க.

இந்த இடத்துல என் காதுல "டுங்"னு ஒரு சத்தம். இயர்போன்ல சார்ஜ் தீர்ந்துடுச்சு. கரண்டு இல்லாம எப்படி சார்ஜ் போட்டிருப்பேன்? அது அணைஞ்சதும் விண்டோஸ் தானாவே ஸ்பீக்கருக்கு மாறிடுச்சு. "ஸ்பீக்கர்ஸ்"னு வெள்ளக்காரன் ஒரு வார்த்தை சத்தமா சொன்னான். ஆயா கவனிக்கல.

என்விடிஏ கீயோட எஸ் சேத்து அழுத்தினா வெள்ளக்காரன் வாய மூடிப்பான். ஆனா மூடிக்கிறதுக்கு முன்னாடி "ஸ்பீச் மோட் ஆஃப்"னு அதையும் சத்தமா அறிவிச்சுட்டுதான் மூடுவான். நம்ம ஊர் மீட்டிங்ல "அமைதி, அமைதி"ன்னு மைக்குல கத்துற ஆள் மாதிரி. வாயால சொல்லியும் நிறுத்த முடியாது. ஆயா பத்தொம்பது வருஷம் கழிச்சு வாயத் திறந்திருக்காங்க. இப்ப நான் கைய அசைச்சு டக்குனு ஒரு சத்தம் வந்தா, "இன்னாடா?"னு கேப்பாங்க, அதோட நின்னுடும். இன்னும் அஞ்சு நிமிஷம் வெள்ளக்காரன் பேசாம இருந்தா போதும்னு சாமிய கும்பிட்டுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன்.

ஆயா அந்தக் குழந்தையோட பேரைச் சொன்னாங்க. சரியா அந்த நொடியில வெள்ளக்காரன் பேசினான். பேட்டரி குறைஞ்சுடுச்சு, சார்ஜ் போடுங்கன்னு விண்டோஸ் காட்டுற அறிவிப்ப முழுசா, என் வழக்கமான வேகத்துல, மூணு செகண்டுல படிச்சு முடிச்சான். பேர் அதுக்கு அடியில போயிடுச்சு.

"யார்ரா அவன்! நான் பேசிக்கினு கீறேன் இல்ல, வாய மூட சொல்றா அவன!"ன்னு ஆயா கத்துனாங்க. கத்திட்டு, நல்லவேளையா, மீதியையும் சொன்னாங்க. பின்னாடி இருந்து அலை அடிச்சதும் கை நழுவுனது. அம்மாக்காரி முகத்துல முழிக்க முடியாம கொஞ்ச காலம் அந்தப் பக்கமே போகாம இருந்தது. எல்லாம். நான் ஸ்பேஸ் அழுத்தி, கண்ட்ரோல் எஸ் அடிச்சு, லேப்டாப்பை மூடினேன். பேர் என்னன்னு அப்பவே திரும்பக் கேட்டிருக்கலாம். கேக்கல. ஒரு தடவை சொல்லவே பத்தொம்பது வருஷம் ஆனது. இன்னொரு நாள் கேட்டுக்கலாம்னு விட்டேன்.

2025 ஜனவரியில ஆயா போயிட்டாங்க. தூக்கத்துலயே. இன்னொரு நாள் வரவே இல்ல.

காரியம் எல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுதான் அந்த ஃபைலைத் திறந்தேன். நாப்பத்தேழு நிமிஷம். பேர் வர்ற இடத்துல வெள்ளக்காரன்தான் கேட்டான். அம்மாகிட்ட கேட்டேன். "இப்படி ஒரு விஷயம் நடந்ததே எனக்குத் தெரியாதுடா"ன்னு அழுதாங்க.

சரி, நாமதான் இன்ஜினியராச்சே, பாத்துடுவோம்னு இறங்கினேன்.

முதல் முயற்சி, நாய்ஸ் ரிடக்‌ஷன். வெறும் இரைச்சல் மட்டும் இருக்குற ஒரு துண்டை முதல்ல மாதிரியாக் காட்டணும், அப்புறம் மொத்தத்துக்கும் போடணும். ஃபேன் சத்தம், ஏசி சத்தம் மாதிரி ஒரே சீரா ஓடுறதுக்கு அருமையா வேலை செய்யும். பேச்சுக்கு வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு எழுத்துக்கும் சத்தத்தோட வடிவம் மாறுதே, எதைன்னு மாதிரியாக் காட்டுறது? கடைசியில ஆயா குரலும் தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிடுச்சு. கண்ட்ரோல் இசட்.

"இப்பதான் ஏஐ வெச்சே குரலைப் பிரிக்கலாமே"ன்னு ஆபீஸ் நண்பன் சொன்னான். அதையும் போட்டுப் பாத்தேன். சுத்தமா ஒரு குரல் வந்துச்சு, ஆயா குரல் மாதிரியேதான். ஆனா பேர் வர்ற இடத்துல ஒரு மென்பொருள்ல ஒரு மாதிரி கேட்டுச்சு, இன்னொண்ணுல வேற மாதிரி கேட்டுச்சு. தெரியாததை ஊகிச்சு நிரப்புதுன்னு புரிஞ்சுது. செத்துப்போன ஒரு குழந்தையோட பேரை நான் ஊகத்துல வெச்சுக்க முடியுமா? வேணாம்னு விட்டுட்டேன்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி திடீர்னு ஒண்ணு தோணுச்சு. ஈஸ்பீக் மனுஷன் இல்லையே, கணக்குதானே! அதே வாக்கியத்தை அதே வேகத்துல சொல்லச் சொன்னா, கிட்டத்தட்ட அதே அலையைத்தான் திரும்பவும் உண்டாக்கும். மனுஷன் ஒரே வார்த்தைய ரெண்டு தடவை ஒரே மாதிரி சொல்ல மாட்டான், இவன் சொல்லுவான். அப்ப அவன் பேசுறத மட்டும் தனியா பதிவு பண்ணி, அலையைத் தலைகீழாத் திருப்பி, பழைய பதிவு மேல வெச்சா? மேடு இருக்குற இடத்துல பள்ளம், பள்ளம் இருக்குற இடத்துல மேடு. கூட்டினா பூஜ்யம். வெளிச்சத்தத்த அடக்குற ஹெட்போன்ல இருக்குற தத்துவம்தான். ஆடாசிட்டியில தலைகீழாத் திருப்புறதுக்கு இன்வெர்ட்னு ஒரு எஃபெக்ட் ரெடியாவே இருக்கு.

கேக்க சுலபமா இருக்கு இல்ல? அதே லேப்டாப், அதே மைக், அதே மேசை, அதே இடம் வேணும். சத்தம் சுவர்ல பட்டுத் திரும்புறதும் சேர்ந்துதானே பதிவாகியிருக்கு. நல்லவேளை பழைய வெர்ஷன் என்விடிஏ பென் டிரைவ்ல போர்ட்டபிள் காப்பியா இருந்துச்சு. நோட்பேடுல எழுதிப் படிக்க வெச்சா வார்த்தைக்கு நடுவுல இடைவெளி மாறுது. அதனால நிஜமாவே பேட்டரி தீர்ந்து, அந்த அறிவிப்பு நிஜமாவே வரணும். ஒரு ராத்திரிக்கு ஒரு தடவைதான் முடியும். அதுலயும் தெருவுல ஒரு ஆட்டோ போனா அன்னிக்குக் கதை கந்தல். "கரண்டுதான் இருக்கே, ஏன்டா ஒயரப் புடுங்கிட்டு உக்காந்திருக்க?"னு அம்மா தினமும் கேப்பாங்க. அன்னிக்குக் கரண்டு இல்லாம கிடைச்ச அமைதி ஒரு நாள் கூட திரும்பக் கிடைக்கல. நாலு மாசம் இப்படித்தான் போச்சு.

ஒரு வழியா நல்ல பதிவு ஒண்ணு கிடைச்சதும், ரெண்டையும் பொருத்தணும். ஒரு செகண்டுல 44,100 சாம்பிள். ஒரு சாம்பிள் தள்ளி நின்னாலே அடங்குறது குறையும். முன்னாடி சைலன்ஸ் சேத்து, எடுத்து, சேத்து, எடுத்து... கண்ணு இருக்குறவங்க பெரிசாக்கிப் பாத்து அலைமேல அலைய வெச்சிருப்பாங்க. நான் காதாலதான். விலகி இருந்தா ரெண்டு வெள்ளக்காரனுங்க பேசுவானுங்க. நெருங்க நெருங்க ரெண்டும் ஒண்ணாகி, பிவிசி குழாய்க்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆகும். குழாய் ஒல்லியாகிக்கிட்டே வரும். ஒரு சனிக்கிழமை ராத்திரி, திடீர்னு வெள்ளக்காரன் நாலு வீடு தள்ளிப் போன மாதிரி குறைஞ்சான். முழுசாப் போகல. ஆனா அவனுக்குப் பின்னாடி ஆயா கேட்டாங்க. பேரோட கடைசி எழுத்து மட்டும் தெளிவா இருந்துச்சு. முன்னாடி இருக்குறது இல்ல.

அதுக்கு மேல என்ன பண்ணியும் நகரல. கடைசி எழுத்த வெச்சுக்கிட்டு மனசுக்குள்ளயே அம்பது பேர் போட்டுப் பாத்தேன். எல்லாமே சரியா இருக்குற மாதிரி இருந்துச்சு.

"மெஷின நோண்டுனது போதும், வா"ன்னு ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அம்மா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. லூப் ரோட்டுல 2024-ல திறந்த புது மீன் மார்க்கெட். ஆயா கூட கடை போட்ட வயசான அம்மா ஒருத்தங்க அங்க இருந்தாங்க. அம்மா யாருன்னு சொன்னதும் என் முகத்த ரெண்டு கையாலயும் தடவுனாங்க. கையில நெத்திலி வாசனை, ஆயா வாசனை. நான் விஷயத்தச் சொல்லி, அந்தக் குழந்தை பேர் என்னன்னு கேட்டேன்.

டக்குனு சொன்னாங்க. ஒரு நொடி கூட யோசிக்கல.

பேரை இங்க எழுதப் போறதில்ல. அது அவங்க வீட்டு சமாசாரம். ஆனா அவங்க சொன்ன இன்னொண்ணை எழுதணும். "உங்க ஆயா கைய விட்டுட்டேன், விட்டுட்டேன்னு சொல்லிக்கினே இருந்துச்சு. இன்னா விட்டுச்சு? நான் பின்னாடிதான ஓடியாந்தேன், பாத்தேன். போட்டு வந்து நடுவுல இடிச்சிச்சு. அந்தப் புள்ளயோட அம்மாளுக்கும் இது தெரியும். உங்க ஆயாதான் யாராண்டயும் பேசாம கெடந்துச்சு."

அந்தக் குழந்தையோட அம்மா இப்ப செம்மஞ்சேரியில இருக்காங்களாம். சுனாமிக்கு அப்புறம் எங்க கரையில இருந்து நிறைய குடும்பங்களுக்கு அங்கதான் வீடு குடுத்தாங்க.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். என்னமோ தோணுச்சு, திருத்தின ஃபைல விட்டுட்டு பழைய ஃபைலைப் போட்டேன். இன்வெர்ட் இல்லாதது, எதுவுமே பண்ணாதது. அந்த இடம் வந்துச்சு. வெள்ளக்காரன் தன் பாட்டுக்கு சத்தமாப் பேசினான். அவனுக்கு அடியில ஆயா அந்தப் பேரை முழுசா, தெளிவா சொன்னாங்க. முதல் எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும். இத்தனை நாளும் அது அங்கயேதான் இருந்திருக்கு. என்ன பேர்னு தெரியாததால காதுக்கு அதைப் பிடிக்கத் தெரியல. இப்ப எத்தனை தடவை போட்டாலும் கேக்குது. கேக்காம இருக்க முடியல.

நாலு மாசம் வேஸ்ட்டான்னு கேட்டீங்கன்னா, தெரியலங்க. முதல் நாளே அம்மா கையப் புடிச்சுக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்.

மார்க்கெட் அம்மா மூலமா செம்மஞ்சேரிக்கு சொல்லி அனுப்பினோம். அந்தப் பகுதி மட்டும் வேணும்னு கேட்டாங்க. வெட்டி எம்பி3 ஆக்கி, அம்மா போன்ல இருந்து அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டாங்க. ரொம்ப நேரம் பேசல. "எம் பொண்ணு பேர உங்க ஆயா சொல்லுது"ன்னாங்க. நாப்பத்தேழு நிமிஷத்துல எனக்கு நாலு மாசம் கேக்காத அந்த ஒரு வார்த்தை, அவங்களுக்கு முதல் தடவையே கேட்டிருக்கு. "நடுவுல ஒரு வெள்ளக்காரன் பேசுறானே, அது யாருப்பா?"ன்னும் கேட்டாங்க.

இனிமே யாருக்கும் இப்படி ஆகக் கூடாதுன்னு சில விஷயங்கள். பதிவுக்கு ப்ளூடூத் வேணாம், ஒயர் இயர்போன்தான். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே விண்டோஸ்ல அறிவிப்புகளை எல்லாம் அணைச்சுடுங்க. ஆர் அழுத்தி, பதிவு ஓடுறது உறுதியானதும், பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஸ்கிரீன் ரீடரோட வாய மூடிடுங்க. அந்த "ஸ்பீச் மோட் ஆஃப்" ஆரம்பத்துல வந்தா வெட்டிடலாம். எடிட் பண்ணும்போது, 2024-ல வந்த என்விடிஏ 2024.2-ல இருந்து சவுண்ட் ஸ்பிளிட்னு ஒண்ணு இருக்கு. என்விடிஏ கீ, ஆல்ட், எஸ் மூணையும் சேத்து அழுத்தினா, ஸ்கிரீன் ரீடர் ஒரு காதுல, மத்த சத்தம் எல்லாம் இன்னொரு காதுல. ஒருவழியா தெருவுக்கு ஒரு தண்ணி லாரி வந்துடுச்சு :-) பெரிய வேலைன்னா ரீப்பர் பக்கம் போங்க. நம்ம வின்ஆம்ப் செஞ்ச ஜஸ்டின் ஃபிராங்கலோடது. அதை ஸ்கிரீன் ரீடரோட பேச வைக்க ஒசாராங்கிற இலவச இணைப்பை எழுத ஆரம்பிச்சது, மேல சொன்ன அதே ஜேம்ஸ் தே.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. புரியலன்னா அப்பவே திரும்பக் கேட்டுடுங்க.

டிஸ்கி: வீட்டுக்குன்னு வெச்சிருக்குற காப்பியில வெள்ளக்காரன் தலை காட்டின மத்த இடத்தை எல்லாம் வெட்டிட்டேன். "வாய மூட சொல்றா அவன"ன்னு ஆயா கத்துற இடத்தை மட்டும் தொடல. அடுத்த பதிவு மொக்கையா, ஜாலியா இருக்கும், சத்தியமா.